விதிவிலக்கில் அம்மா வீடு

உத்ரெக்ட், நவம்பர் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

ஏரோ எழுதுகிறேன். முழங்கால் வலி தேவலையா? வாசற்படியில் பனி உறைவதற்குள் மணல் தூவச் சொல்லுங்கள். நான் நலம்.

அலுவலகத்தில் ஒரு சின்ன விஷயம். வெளியூரில் இருப்பவர்களில் யார், எந்த நாட்டிலிருந்து விபிஎன் என்ற பாதுகாப்பான இணைய இணைப்பு வழியாக எங்கள் கணினிகளுக்குள் வரலாம் என்று விதி எழுதுவது நான்தான். நெதர்லாந்துக்கு வெளியே யாருக்கும் அனுமதி கிடையாது. போன மாதம் லித்துவேனியாக்காரி யூராத்தே வந்து கேட்டாள்.

"அப்பாவுக்கு ஆபரேஷன். ரெண்டு வாரம் அங்கேருந்தே வேலை பாத்துக்கறேனே."

"ரூல்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றேன். அவள் சம்பளமில்லாத விடுப்பில் போய்வந்தாள்.

நேற்று ஆண்டுச் சரிபார்ப்பு. எல்லார் முன்னாலும் விதிகளைத் திரையில் போட்டார்கள். விதிவிலக்கு ஒன்றே ஒன்று இருந்தது: என் பெயர், பின்லாந்து, 'அம்மா வீடு'. போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நானே எழுதிக்கொண்டது. எடுக்க மறந்துவிட்டேன்.

"அட, நம்ம ஏரோதானே" என்று மேலாளர் சிரித்தார்.

யூராத்தே சிரிக்கவில்லை. "உங்கம்மா நல்லாருக்காங்களா?" என்று மட்டும் கேட்டாள். தலையாட்டினேன். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அந்த வரியை அப்போதே அழித்துவிட்டேன். அதனால் இந்தக் கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம் தங்க முடியாது, நான்கு நாள்தான். பக்கத்து வீட்டில் கேட்டால் வேலை அதிகம் என்று சொல்லிவிடுங்கள். கறுப்பு ரொட்டியும் அந்தச் சாம்பல் நிறக் காலுறையும் முடிந்தால் அனுப்புங்கள். இங்கே கிடைக்கும் ரொட்டி தொண்டையில் இறங்குவதில்லை.

தபால் எடுக்கும் நேரம், முடிக்கிறேன். நீங்கள் முதலில் எதைக் கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அவள் அப்பா எப்படி இருக்கிறார் என்று நான் இன்னும் விசாரிக்கவில்லை, அம்மா.

உங்கள் ஏரோ