சான்றாவணம் ர-1

சுங்கைப் பட்டாணி
3 மார்ச் 2025

அன்பு மகள் ஷாரனுக்கு,

1. இதை எழுதுபவன் ரஃபேல், வயது நாற்பத்தெட்டு, இந்நகரில் வழக்கறிஞர், உன் தகப்பன்.

2. உன் தாய் ஜெனவீவும் நானும் பிரிந்து ஈராண்டாகிறது. நீ அவளுடன் லூனாசில் வசிக்கிறாய். ஞாயிறுதோறும் மாலைப் பூசைக்குப் பின் இரண்டு மணி நேரம் என்னுடன் இருக்கிறாய்.

3. நேற்று நீ மீ கோரெங் தட்டைத் தொடவில்லை. உன் நகங்கள் சதை தெரியும் அளவுக்குக் கடிக்கப்பட்டிருந்தன. கேட்டதற்கு "ஒன்னும் இல்லப்பா" என்றாய்.

எண்ணிட்டு எழுதுவது தொழிற்பழக்கம், பொறுத்துக்கொள். உன் வயதில் அன்றாட அழுத்தம் இயல்பானதே. அதை உள்ளே வைத்திருப்பதுதான் கேடு. ஆகவே வாரம் ஒரு கடிதம் எழுது. கைபேசி வேண்டாம், தாளில், தமிழில், மனத்தில் உள்ளபடி எழுதி என் அலுவலக முகவரிக்கு அனுப்பு. அவற்றை வேறு யாருக்கும் காட்ட மாட்டேன் என வாக்களிக்கிறேன்.

உன் நலன் நாடும்
அப்பா ரஃபேல்

லூனாஸ்
11 மார்ச் 2025

அன்புள்ள அப்பா,

என் தமிழ் ஆறாம் ஆண்டோட நின்னுபோச்சு, சிரிக்காதீங்க.

காலைல அசெம்ப்ளிக்கு நிக்கும்போதே வயிறு முறுக்குது. எட்மேத்ஸ் கணக்குப் பரீட்சைல 38. டீச்சர் எல்லார் முன்னாடியும் வாசிச்சாங்க. வாட்சப் குரூப்ல என்னை 'ஹந்து'ன்னு கூப்பிடுறாளுங்க, கண்ணச் சுத்தி கறுப்பா இருக்காம், பேய் மாதிரி. ரீசஸ்ல டாய்லெட்ல உக்காந்து பெல் அடிக்கிற வரைக்கும் இருப்பேன்.

அம்மா கூலிம் ஃபேக்டரில பன்னண்டு மணி நேரம் ஷிஃப்ட். வந்து கத்துறாங்க. ஒரு நாள் கரண்டிய வீசினாங்க. எம்மேல இல்லப்பா, சிங்க்ல. அப்புறம் அவங்களே அழுதாங்க. என் போன்ல அந்தப் பேரப் பாத்திருக்காங்க போல, "இந்த வீட்ல ஹந்து நீ ஒருத்தி மட்டும் இல்லடி, நானுந்தான்"னாங்க. ரெண்டு பேரும் ஒரே சட்டில மேகி சாப்பிட்டுச் சிரிச்சோம். அவ்ளோதான் லா.

எழுதி முடிச்சதும் வயிறு கொஞ்சம் லேசா இருக்கு. நெசமா.

உங்க
ஷாரன்

சுங்கைப் பட்டாணி
17 மார்ச் 2025

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது; மும்முறை படித்தேன். உன் தமிழில் சிரிக்க ஒன்றுமில்லை.

அசெம்ப்ளியில் வயிறு முறுக்கினால் நான்கு எண்ணி மூச்சை இழு, நான்கு எண்ணி நிறுத்து, ஆறு எண்ணி விடு. ஐந்து முறை. தாளை இரண்டாக மடித்து ஒரு பாதியில் உன்னால் மாற்றக்கூடியதையும் மறுபாதியில் மாற்ற முடியாததையும் எழுது. அந்தக் குரூப்பிலிருந்து வெளியேறு. அங்கே இருந்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஒரு யோசனை. நிகழ்வுகளைத் தேதியுடன் எழுதினால் மனம் தெளியும். கரண்டி வீசப்பட்டது எந்த நாள்? என்ன நேரம்? அதற்கு முன்பும் அவ்வாறு நடந்ததுண்டா? நிதானமாக எழுது.

அன்புடன்
அப்பா

லூனாஸ்
14 ஏப்ரல் 2025

அன்புள்ள அப்பா,

மூச்சு வேலை செய்யுது! குரூப்ப விட்டு வந்துட்டேன். எட்மேத்ஸ்ல 51. நகம் கொஞ்சம் வளர்ந்திருக்கு, ஞாயித்துக்கிழமை காட்டுறேன்.

நீங்க கேட்ட தேதி: கரண்டி மார்ச் ஆறு, சாயங்காலம் ஏழு மணி. அதுக்கு முன்னாடி பிப்ரவரி இருபதுல கதவ அடிச்சுச் சாத்தினாங்க. தேதி போட்டு எழுதினா கேஸ் மாதிரி இருக்குப்பா, ஆனா நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.

அம்மாகிட்ட சொல்லிறாதீங்க. உடைஞ்சிருவாங்க. உங்ககிட்ட மட்டுந்தான் நான் இப்படிப் பேசுறேன்.

ஷாரன்

லூனாஸ்
20 மே 2025

அப்பா,

இன்னைக்கு அம்மாவுக்கு கோர்ட்டுலேந்து கவர் வந்துச்சு. என்னை உங்ககிட்ட குடுக்கணும்னு நீங்க போட்ட மனு. பின்னாடி என் லெட்டர். என் கையெழுத்து. மேல ர-1னு ரப்பர் சாப் முத்திரை குத்தியிருக்கு.

கரண்டி இருக்கு. மேகி சாப்பிட்டது இல்ல. அந்த எடம் மட்டும் கறுப்பா மறைச்சிருக்கு.

அம்மா நின்னுக்கிட்டே கடைசி பக்கம் வரைக்கும் படிச்சாங்க. திட்டல. "உனக்குச் சாப்பாடு போடவாம்மா?"ன்னாங்க, பேங்க் கவுண்டர்ல பேசுற மாதிரி. தட்ட சத்தமே இல்லாம வைக்கிறாங்க. கதவ ரெண்டு கையால சாத்துறாங்க. என்னைப் பாத்துப் பயப்படுறாங்கப்பா.

யாருக்கும் காட்ட மாட்டேன்னு சொன்னீங்க.

ஷாரன்

சுங்கைப் பட்டாணி
26 மே 2025

அன்பு மகளுக்கு,

உன் வருத்தம் புரிகிறது. எனினும் சில விவரங்களைத் தெளிவுபடுத்துவது என் கடமை.

பதிலுக்கு எதுவும் பெறாமல் தந்த வாக்குறுதியைச் சட்டம் ஒப்பந்தமாகக் கொள்வதில்லை. அன்றியும், பிள்ளையின் நலன் எந்த வாக்கிற்கும் மேலானது. மறைக்கப்பட்ட வரிகள் வழக்குக்குத் தொடர்பற்றவை. நான் பொய் ஒன்றும் சேர்க்கவில்லை; ஒவ்வொரு சொல்லும் நீ எழுதியதே.

உன் தாய் இப்போது நிதானமாக நடந்துகொள்கிறாள் என்று நீயே எழுதியிருக்கிறாய். ஆக, மனுவால் ஏற்கெனவே பயன் விளைந்திருக்கிறது.

நீதிபதி உன்னைத் தனியறையில் அழைத்துப் பேசக்கூடும். அதற்கு முன், உன் தற்போதைய மனநிலை குறித்து ஒரு கடிதம் தேவை. வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பு. வழக்கம்போல் மனத்தில் உள்ளபடி எழுது. மூச்சுப் பயிற்சியை விட்டுவிடாதே.

அன்புடன்
அப்பா

லூனாஸ்
30 மே 2025

பெறுநர்: திரு. ரஃபேல், வழக்கறிஞர், சுங்கைப் பட்டாணி

1. நான் ஷாரன் த/பெ ரஃபேல், வயது பதினேழு, ஐந்தாம் படிவ மாணவி.

2. நான் மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். எட்டு மணி நேரம் தூங்குகிறேன்.

3. எனக்கு மன அழுத்தம் எதுவும் இல்லை. இதற்கு முன்பும் இருந்ததில்லை. முன்பு எழுதியவை தமிழ்ப் பயிற்சிக்காக நானே கற்பனையில் எழுதிய கதைகள்.

4. என் தாயார் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை.

5. பள்ளியில் ஆலோசக ஆசிரியை அழைத்துக் கேட்டார். அவரிடமும் இதையே சொன்னேன். நீதிபதி கேட்டாலும் இதையே சொல்வேன். இனி யார் கேட்டாலும் இதையே சொல்வேன்.

6. ஞாயிற்றுக்கிழமைகளில் தங்களைச் சந்திக்கும்போது நான் பேச வேண்டியது எதுவும் இல்லை. தாங்கள் கேட்கும் கேள்விகளை முன்கூட்டியே எழுத்தில் அனுப்பவும்.

7. இக்கடிதம் கீழ்க்கண்டவர்களுக்கு முழுவதும் வாசித்துக் காட்டப்பட்டது. மறைக்க வேண்டிய வரி எதுவும் இதில் இல்லை.

ஒப்பம்,
ஷாரன்

சாட்சிகள்:
ஜெனவீவ், தாயார்
வாசுகி, அடுத்த வீடு