ஆரத்திச் சிவப்பில் ஒரு கைப்பை

சாயப் புட்டியின் மூடியைத் திறந்ததும் நீங்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டீர்கள். குசினியில் அடுப்புக்குக் கீழே தரையில் பழைய பேப்பர் விரித்திருக்கிறேன். நடுவில் அந்தத் தோல் கைப்பை. ஸ்பிரிட் வாசனை மூக்கில் ஏறுகிறது, வெளியே நம் ஊர் புக்கிட் ரம்பாயின் மழை. இரண்டும் சேர்ந்துவிட்டால் எது இன்று, எது அன்று என்று எனக்குப் பிடிபடுவதில்லை.

அன்றும் மழைதான். மறுநாள் ரெம்பியாவில் உங்கள் தங்கை மகளுக்குக் கல்யாணம். பழுப்பேறிய வெள்ளைப் பையோடு வரமாட்டேன் என்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். "கறுப்புப் பை இருக்கு, அது கல்யாணத்துக்கு ஆகாதும்ப. சரி, இதுக்கு நானே கலர் மாத்தித் தரேன் லா" என்றீர்கள். செங் ஊர்த் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்த களைப்போடு இதே இடத்தில் சம்மணமிட்டு, துணியைச் சாயத்தில் தொட்டு, தோசைக் கல்லில் எண்ணெய் தேய்ப்பதுபோல் வட்டம் வட்டமாகத் தேய்த்தீர்கள். தோல் மெல்ல மெல்லச் சிவந்து வந்தது. கையில் இருந்த தேத்தண்ணி ஆறுவதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"காஞ்சதும் மேல்பூச்சு பூசணுமாங்க. இல்லன்னா சாயம் துணியில ஒட்டிக்குமாம்."

"அதெல்லாம் எதுக்கு? எவ்வளவு அழகா வந்திருக்கு பாரு!"

மண்டபத்தில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் ஆரத்தி எடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். பையை உங்களிடம் கொடுத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், வெள்ளை வேட்டியில் இடுப்போரம் ஒரே சிவப்பு. வியர்வைக்குச் சாயம் இறங்கிவிட்டது.

"ஐயோ தம்பி, ஆரத்தித் தண்ணிய மேலயே ஊத்திட்டாளா?" என்று உங்கள் அக்கா பதறினார்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். சிரிப்பை எப்படித்தான் அடக்கினீர்களோ! "கொஞ்சம் சிந்திருச்சுக்கா" என்றீர்கள், பால் குடிக்காத பூனை முகத்தோடு.

"நல்லதுதான்பா, விடு" என்று அவரும் சமாதானமானார். கல்யாணம் முடியும்வரை அந்தச் சிவப்போடுதான் மண்டபம் முழுக்கச் சுற்றி வந்தீர்கள்.

அடுத்த மாதம் நம் மகளுக்குக் கல்யாணம். போன வாரம் அண்ணி, அதே உங்கள் அக்காதான், வந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆரத்திய நாங்க எடுத்துக்கறோம்மா. நீ கொஞ்சம் தள்ளி நின்னு பாரு. தப்பா நினைச்சுக்காத" என்றார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. எல்லாரும் செய்கிற வழக்கத்தைச் சொன்னார், நானும் தலையாட்டிவிட்டேன். ஆனால் எனக்கு ஆறவே இல்லை. உங்களை இழந்தது போதாதா, பெற்ற பெண்ணின் கல்யாணத்தில் நான் எட்டியும் நிற்க வேண்டுமா?

அவர் போன பிறகுதான் அலமாரியிலிருந்து பையை எடுத்தேன். சிவப்பு வெளுத்து, ஓரமெல்லாம் தேய்ந்திருந்தது. இன்று மறுபடி துணியைச் சாயத்தில் தொட்டு, நீங்கள் செய்த மாதிரியே வட்டம் வட்டமாகத் தேய்க்கிறேன். நிறம் திரும்பி வருகிறது. எனக்கு முன்னால் உங்கள் கை போவதுபோல் இருக்கிறது.

மேல்பூச்சுப் புட்டியும் பக்கத்தில்தான் இருக்கிறது. அதை நான் திறக்கப் போவதில்லை.

கல்யாணத்தன்று சந்தன நிறச் சேலை கட்டிக்கொள்வேன். அண்ணி சொன்னபடி தள்ளியே நிற்பேன், இந்தப் பையை இடுப்போடு அணைத்துக்கொண்டு. ஆரத்தி முடிந்து திரும்பும்போது அவர் என் சேலையைப் பார்த்துப் பதறுவார். நீங்கள் அன்று வைத்திருந்த அதே முகத்தை வைத்துக்கொண்டு சொல்வேன்: "கொஞ்சம் சிந்திருச்சு அண்ணி."