ஆலைக்குத் துலாபாரம்

தை 9, வெள்ளி.

ஆலையில் கரும்பு இறக்கிய பின் காலி டிராக்டரை எடைமேடையில் ஏற்றினேன். அங்கே ஓட்டுகிறவன் கீழே இறங்கி நிற்க வேண்டும். இத்தனை வருடமும் இறங்கியவன், இன்று லோடு எடைக்கும் இறங்கியவன், காலி எடைக்கு மட்டும் பிள்ளையார் மாதிரி அப்படியே உட்கார்ந்திருந்தேன். லோடு எடையிலிருந்து காலி வண்டி எடையைக் கழித்தால்தான் கரும்பின் எடை. இன்று என்னையும் சேர்த்துக் கழித்துவிட்டார்கள். நான் ஒல்லியாக இருந்திருந்தாலாவது பரவாயில்லை. என் எடைக்கு எடை கரும்பைக் கோயிலுக்குக் கொடுத்திருந்தால் புண்ணியமாவது கிடைத்திருக்கும்.

"இன்னாண்ணா, எறங்கலையா? சீட்டு போட்டாச்சே!" என்றான் எடை போடுகிறவன்.

சங்கராபுரத்து டாக்டர் போன வாரம்தான் சொன்னார். "தொப்பை சும்மா இருக்காதுங்க. வெளிய தெரியாம ஒடம்புக்குள்ள அழற்சிய உண்டாக்கும். அது மூளை வரைக்கும் போயி ஞாபகத்தையும் மந்தமாக்கலாம்." அப்போது சிரித்துவிட்டு வந்தேன்.

வீட்டில் சொன்னதும் என் மனைவி வள்ளி தலையில் அடித்துக்கொண்டாள். "மறந்ததுதான் மறந்தீங்க, லோடோட எட போடும்போது மறந்து ஒக்காந்திருக்கக் கூடாதா?"

ரோஷம் வந்துவிட்டது. நாளை முதல் ராத்திரியில் சோறு வேண்டாம், இரண்டு தோசை போதும் என்றேன்.

"இன்னிக்கி ராத்திரி ரெண்டு தபா சாப்ட்டீங்களே, அது தெரியுமா?" என்றாள்.

சிரிக்காமல் சொன்னாள். விளையாட்டா, நிஜமா என்று கேட்கப் பயமாக இருக்கிறது. வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். எப்போதும் போலத்தான் நிறைந்திருக்கிறது.