அரசக் கொட்டிலில் வாங்கிய செக்குமாடு

திரு நிலவுக. ஆற்றங்கரைகள் எல்லாம் ஆள்பவரும், பகைவர் அஞ்சும் வேலும் ஏழையர் அஞ்சாக் கோலும் உடையவருமாகிய புனல்நாட்டுக் கோ வெற்பரசர் திருமுன்பு, உம் அமைச்சன் கண்ணந்தை மணற்கரைப் பட்டினத்திலிருந்து வணங்கி விடுக்கும் ஓலை. தேவரீரும் தேவியாரும் நலமே வாழ்க. நாட்டில் மழை பொய்யாதிருக்க.

இப்பட்டினத்துச் சட்டம் சொல்லும் மண்டபத்தால் பயன் உண்டோ, அன்றி அது சோற்றுக்குக் கேடோ என்று பார்த்துவரத் தேவரீர் பணித்தீர். விலை கொடுத்து ஏமாந்தோரும், அடகு வைத்து மீட்க இயலாதோரும், குடிக்கூலி தந்தும் துரத்தப்பட்டோரும் அங்கே வந்து கேட்கலாம், கூலி வாங்காமல் சட்டம் சொல்லப்படும் என்பது தேவரீரே இட்ட ஏற்பாடு. உம் அமைச்சன் பட்டும் பதக்கமும் களைந்து, முரட்டு வேட்டியோடு ஒரு தூணோரம் போய் உட்கார்ந்தான். அங்கே கண்டதை எழுதும் இந்நேரமும் அவனுக்கு மெய் சிலிர்க்கிறது.

முதலில் வந்தவள் நல்லாத்தாள் என்னும் செக்காட்டி. கணவனை இழந்தவள், ஒரு செக்கும் அதைச் சுற்றும் ஒரு மாடுமே அவள் பிழைப்பு. பழைய மாடு மூப்பால் விழுந்துவிடவே, காதில் கிடந்த தண்டட்டியை விற்று ஒரு கறுப்புக் காளை வாங்கினாள். நுகம் வைத்த அன்றே அது படுத்துவிட்டது. கழுவிப் பார்த்தால், திமிலின் கீழே ஆறாத பழைய புண். கரியும் நெய்யும் குழைத்துப் பூசி அதை மறைத்திருந்தார்கள். அட பாவமே, எள் கொடுத்தவர்கள் எண்ணெய் கேட்டு வாசலில் நிற்கிறார்கள், செக்கோ ஓடவில்லை.

பார்த்து வாங்காதது அவள் குற்றமே என்று உடன் வந்தோர் இடித்துரைத்தனர். அதற்கு அவள் சொன்னதை அவள் வாய்மொழியிலேயே உம் அமைச்சன் எழுதுகிறான்: "தானமா வந்த மாடா, பல்லைப் பாக்காம பிடிச்சுட்டு வர? பல்லையும் பாத்தேன், குளம்பையும் பாத்தேன். புண்ணுக்குக் கரியப் பூசி வச்சா நான் என்ன மாட்டுக்குள்ளயா பூந்து பாப்பேன்?" மண்டபமே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

சட்டம் சொல்பவன் பெயர் சேந்தன். அவள் கொண்டுவந்த எண்ணெய்க் கலயத்தை அவன் தொடவும் இல்லை; ஒரு வெற்றிலை வாங்கினாலும் வேலை போய்விடுமாம். "சும்மா சொல்ற சொல்லு சும்மாத்தான இருக்கும்" என்று அவள் முணுமுணுத்தாள். உள்ளதைச் சொன்னால், உம் அமைச்சனும் அப்படித்தான் நினைத்தான்.

சேந்தன் சட்டத்தை உரைத்தான். குறையை மறைத்து விற்றவன் மாட்டைத் திரும்பப் பெற்று விலையைத் தர வேண்டும், அல்லது பழுதற்ற மாடு தர வேண்டும். வாங்கியவர் இரு சாட்சிகளோடு அடுத்த சந்தைக்குள் கேட்க வேண்டும். மறுத்தால் விற்றவன் ஊரவையில் வந்து நிற்க வேண்டும் என்றான். கேட்டவர் தம் வாயால் அதைத் திருப்பிச் சொல்லும்வரை அனுப்பாமை இம்மண்டபத்து வழக்கம். அவளோ, "சாட்சி ரெண்டு பேரோட போயி, காலைப் பிடிச்சுக் கெஞ்சிக் கேக்கணும்" என்றாள். காலும் கெஞ்சலும் சட்டத்தில் இல்லை, அவற்றை நீக்கிச் சொல் என்றான் சேந்தன். அவள் மீண்டும் சொன்னாள், மீண்டும் கெஞ்சல் வந்து ஒட்டிக்கொண்டது. பிறந்தது முதல் கெஞ்சியே பழகிய வாய் அல்லவா? ஒருவழியாய் அது இல்லாமல் சொல்லி முடித்தபோது, அவளே தன் குரலைக் கேட்டுத் திகைத்து நின்றாள்.

விற்றவன் யார் என்று அப்போதுதான் சேந்தன் கேட்டான். அவள் முந்தானையைப் பிசைந்தாள். பிறகு மெல்ல, "அரமணைக் கொட்டில்லதாங்க வாங்கினேன்" என்றாள்.

ஐயோ, தேவரீர் கொட்டில்! உடன் வந்தோர் ஒவ்வொருவராய் நழுவினர். சேந்தன் உண்பது தேவரீர் சோறு. இனி மென்று விழுங்குவான் என்றே உம் அமைச்சன் எண்ணினான். அவன் விழுங்கவில்லை. விற்றவர் அரசராயினும் சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறாது என்றான். கேட்க வேண்டியது அரசரையே என்றும், அவள் சொல்லை ஓலையில் எழுதி அனுப்புதல் அவ்வூரில் இருக்கும் அரச அலுவலர் கடமை என்றும் உரைத்தான். தேவரீர் படைகளை உம் அமைச்சன் கண்டிருக்கிறான், வென்ற கோட்டைகளைக் கண்டிருக்கிறான். தேவரீர் இத்தனை பெரியவர் என்பதை அன்றுதான் கண்டான்.

உம் அமைச்சன் எழுந்து தன் பெயரைச் சொன்னான். நல்லாத்தாள் ஓடிவிடுவாள் என்று பார்த்தால், இரு கால்களையும் ஊன்றி நின்று, சட்டம் முழுவதையும் பிசகாமல் சொன்னாள். சேந்தனும் உம் அமைச்சனுமே அதற்குச் சாட்சி. சொல்லி முடித்தபின், "ராசா கோவிச்சுக்குவாருங்களா சாமி?" என்று கேட்டாள். அதற்குத் தேவரீரே மறுமொழி தர வேண்டும்.

ஆதலால், இவ்வோலை கண்டதும் தேவரீர் அக்காளையைத் திரும்பப் பெற்று, விலையையேனும் பழுதற்ற செக்குமாட்டையேனும் அனுப்பக் கடவீர். மறுப்பின், மணற்கரை ஊரவையின் முன் தேவரீரே வந்து நிற்கக் கடவீர்.

இவை செக்காட்டி நல்லாத்தாள் சொல். எழுதியது அமைச்சன் கண்ணந்தை. இட்ட முத்திரை தேவரீருடையது.