சுதா கட்டிய கறுப்பு நாடா

என் கலாவுக்கு,

நம் சுதா நர்ஸ் வேலையை விடுவதாக எழுதி வைத்துவிட்டாள். கடிதம் இன்னும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, ஒரு வாரமாக அவள் கைப்பையில்தான் இருக்கிறது. அதற்கு நானும் ஒரு காரணம். நீ கண்ணை மூடி நான்கு வருஷம் ஆகியும் இதைச் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை. நர்ஸ் இருக்கிற வீடுகளில் நாலு பேர் படிக்கட்டும் என்று அச்சுக்கும் கொடுக்கிறேன், அவளிடம் கேட்டுவிட்டுத்தான்.

போன மழையில் மலைப்பக்கம் மண் சரிந்தது. திருச்சியிலிருந்து போன மருத்துவக் குழுவில் சுதாவும் போனாள். அடிபட்டவர்களை வரிசையாகப் படுக்க வைத்த இடத்தில் நாடா கட்டுவது அவள் வேலை. உடனே பார்க்க வேண்டியவருக்குச் சிவப்பு. காத்திருக்கக் கூடியவருக்கு மஞ்சள். இனி பிழைக்க மாட்டார் என்று தெரிந்தவருக்குக் கறுப்பு. நீயும் நர்ஸாக இருந்தவள், உனக்கு இதெல்லாம் தெரியும். எனக்கு இப்போதுதான் தெரியும்.

ஒரு அம்மாவுக்கு, மூச்சு இருக்கும்போதே, கறுப்பு கட்டியிருக்கிறாள். அந்த அம்மா இவள் விரலைப் பிடித்துக்கொண்டாராம். இவள் அதை விடுவித்துக்கொண்டு அடுத்த ஆளிடம் போனாள். திரும்பி வந்தபோது உயிர் போயிருந்தது. "சரியாத்தான் செஞ்சிருக்கே" என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

திரும்பி வந்து இருபது நாள் வழக்கம்போல டூட்டிக்குப் போனாள். என் மகள் கெட்டிக்காரி, தாங்கிக்கொண்டாள் என்று மார்க்கெட்டில் பெருமை பேசினேன். ஒரு காலை ஸ்ரீரங்கத்திலிருந்து கிளம்பியவள் காவிரிப் பாலத்தில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் போன் செய்தாள். "அப்பா, என்னால வண்டி ஓட்ட முடியல. வந்து கூட்டிட்டுப் போங்க."

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னாள். ஆறுதல் என்று நினைத்து நான் சொன்னது இது: "இதுல என்னம்மா இருக்கு? ஜீயபுரத்துலேர்ந்து வாழை லோடு வந்தா நான் பண்ணாததா? நசுங்கின தாரை ஒதுக்கினாத்தானே மத்ததைக் காப்பாத்தலாம்?"

"அவங்க வாழைத்தார் இல்லப்பா."

அன்று மாலையே அந்தக் கடிதத்தை எழுதினாள். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. முப்பது வருஷமாக வாழை மண்டி நடத்துகிறேன், யாரிடம் என்ன பேச வேண்டும் என்று தெரிந்தவன். பெற்ற மகளிடம் மட்டும் ஏன் தெரியவில்லை?

நான்காம் நாள் சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டேன். "உங்கம்மாவும் இதே வேலைதானே பார்த்தா? பஸ் கவிழ்ந்தப்ப, வெள்ளம் வந்தப்ப எல்லாம் போனா. ஒரு வார்த்தை சொன்னதில்லையே?"

"உங்ககிட்ட சொன்னதில்லை. தேய்ச்ச பாத்திரத்தையே எதுக்கு மறுபடி தேய்ச்சாங்கன்னு நினைச்சீங்க?"

"சுத்தம் பார்க்கிறவ."

"போங்கப்பா. அழுறதுக்கு. குழாயைத் திறந்துவிட்டா உங்களுக்குக் கேட்காதுல்ல." பிறகு சொன்னாள்: "அப்பாகிட்ட சொல்லலாமேம்மான்னு கேட்டேன். 'சொன்னா உடனே ஒரு வழி சொல்லுவாரு. எனக்கு வழி வேணாம்டி'ன்னாங்க."

பிசைந்த சோறு கையிலேயே இருந்தது. உன் சுத்தத்தை எத்தனை பேர் முன்னால் கிண்டல் செய்திருக்கிறேன். நீ திடமானவள் என்று நான் நம்பியது, அப்படி நம்புவது எனக்கு வசதியாக இருந்ததாலா, கலா?

நேற்று நானும் அவளும் பேசி முடித்தோம். பேரத்தில் அவள் என்னையே மிஞ்சிவிட்டாள். மூன்று மாதம் தடுப்பூசிப் பிரிவில் இருப்பாள், மேலதிகாரி ஒப்புக்கொண்டார். புதன்கிழமைதோறும் மனநல ஆலோசகரிடம் நான் கூட்டிப்போய் வாசலில் காத்திருக்க வேண்டும். உள்ளே என்ன பேசினாள் என்று கேட்கக் கூடாது. அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும், வழி சொல்லக் கூடாது.

"ஒரே ஒரு வழி?" என்று இறங்கிப் பார்த்தேன்.

"அரை வழி கூடக் கிடையாது."

மூன்று மாதம் கழித்தும் இந்த வேலை வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றினால், அந்தக் கடிதத்தை நானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஏன் என்று கேட்காமல் கொடுப்பேன்.

உன் வீட்டுக்காரன்,
சுதாவின் அப்பா