மேக்கால வா

ஜூலை 6, ஞாயிறு

மலை ஏறி வரும் சுற்றுலா வேன்களில் எல்லாம் அந்த ராக் பாட்டுதான். டிரம்ஸும் கிதாரும் இடித்து இடித்துச் சட்டென்று நிற்கும் இடத்தில் அப்பாவின் குரல் வருகிறது. போன வருடம் சேலத்துக் குழு ஒன்று எங்கள் கிழங்குக் காட்டுக்கு வந்து, அப்பாவிடம் கேட்டுத்தான் அதைப் பதிவு செய்தது. காட்டுப்பன்றி பயிரில் இறங்கினால் எந்தப் பக்கம் என்று சொல்லி ஆள் கூப்பிடும் சத்தம் அது. "மேக்கா...ல வா." மேற்குப் பக்கம் வா. கேட்டவர்கள் தடியோடு ஓட வேண்டும்.

சமவெளியிலிருந்து வரும் கீழ்நாட்டார் காதில் அது "மேகலா வா" என்று விழுந்துவிட்டது. இப்போது எல்லோரும் மேகலாவைத் தேடுகிறார்கள்.

சாப்பிடும்போது அம்மா, "ஏனுங்க, அந்த மேகலா சோறு போட மாட்டாளுங்களா?" என்றாள். அப்பாவுக்குப் புரையேறிவிட்டது.

ஜூலை 15, செவ்வாய்

பற்பசை விளம்பரத்தில் மேகலா. கிரிக்கெட்டில் விக்கெட் விழுந்தால் மேகலா. பள்ளி ஆண்டு விழாவிலும் அதற்குத்தான் நடனம். அது பெயரில்லை, திசை என்று மைதிலி டீச்சரிடம் சொன்னேன்.

"இருக்கட்டும் யமுனா. திசையைக் கூப்பிட்டு எப்படி ஆடறது?" என்றார்.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் பதில் தோன்றியது. மேற்கே பார்த்து ஆடலாமே?

ஜூலை 20, ஞாயிறு

வளைவுகளில் வண்டியை நிறுத்திப் பையன்கள் அதையே கத்துகிறார்கள். பக்கத்துக் காட்டு வேல்முருகன் சித்தப்பா இன்றும் நிஜமென்று நம்பித் தடியோடு ஓடினார். அவர் ஓடுவதை வீடியோ எடுத்துச் சிரித்தார்களாம்.

"இனி எவன் கத்துனாலும் எந்திரிக்க மாட்டனுங்ணா. பன்னியே அந்தப் பாட்டுக்கு ஆடிட்டுத்தான் போகுது" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா சிரிக்கவில்லை.

ஜூலை 21, திங்கள்

சித்தப்பா விளையாட்டுக்குத்தான் சொன்னாரா?

ஆகஸ்ட் 3, ஞாயிறு

தூக்கம் வரவில்லை. எழுதினால் வருமோ என்று எழுதுகிறேன்.

ஆடிப் பதினெட்டு. விடிவதற்குள் ரோடு முழுக்க வண்டிகள். அப்பா காட்டுக்குப் போயிருந்தார். "மேக்கால வா" என்று கேட்டது. அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமல், "ரோட்டுல எவனோ" என்றாள். மறுபடி கேட்டது. மறுபடி. சித்தப்பா வீட்டுக் கதவு திறக்கவில்லை. நானும்தான் புத்தகத்தை மூடவில்லை.

பிறகு, "கிழக்கால வா."

பாட்டில் கிழக்கு கிடையாது. எல்லோரும் எழுந்து கிழக்கே ஓடினோம். அங்கே ஒன்றுமில்லை. கிழங்குச் செடி ஒன்றுகூடச் சாயவில்லை. நின்று கேட்டேன் — சொல்தான் கிழக்கு, குரல் மேற்கிலிருந்து வந்தது. "சித்தப்பா, மேக்கால!" என்று கத்திக்கொண்டே திரும்பி ஓடினேன்.

பாறைமேல் அப்பா. தொடை கிழிந்து ரத்தம். கீழே பன்றி நின்றுகொண்டிருந்தது. ஆட்களைப் பார்த்துத்தான் போனது.

வேட்டியைக் கிழித்துக் கட்டும்போது சித்தப்பா அழுதார். ஜீப்பில் வளைவு வளைவாக இறங்கினோம், எதிரே வரும் வேன்களிலெல்லாம் அப்பாவின் குரல். ஐயோ, யாராவது நிறுத்துங்களேன் அதை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நாமக்கல் ஆஸ்பத்திரி. கால் பிழைத்துவிட்டது என்றார்கள். அப்பா பேசினார்.

"மேக்காலன்னு தொண்டை கிழியக் கத்தினேன். ஒருத்தரும் வரலை. அதான் பொய் சொன்னேன் கண்ணு."

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சேலத்துப் பாட்டுக் குழுவினர் போன் செய்தார்கள். விஷயம் தெரிந்து வருத்தப்பட்டார்கள். கடைசியில் தயங்கித் தயங்கி, வேறு சத்தம் ஏதாவது உண்டா என்று கேட்டார்கள். "தொண்டை சரியில்லீங்க" என்று அப்பா வைத்துவிட்டார்.

போன வாரம் சித்தப்பா வாசலில் எல்லோரும் கூடி நான்கு திசைக்கும் புதுச்சொல் வைத்துக்கொண்டார்கள். வேன் வரும்போது அவற்றைப் பற்றிப் பேசுவதுகூட இல்லை. அவை என்ன என்று நான் இங்கேயும் எழுத மாட்டேன்.

இன்று விடிகாலை அதில் ஒன்று கேட்டது. சித்தப்பாதான் முதலில் ஓடினார். சட்டைகூடப் போடவில்லை.