உனக்குப் பதிலாக வந்தவள்

தங்கச்சிக்கு,

நீ போனை எடுப்பதில்லை, அதனால்தான் எழுதுகிறேன். மழை விட்டு, மறுபடி ரப்பர் பால் வெட்டப் போகிறோம். அம்மா சுகம்.

டவுன் கிளப் உன்னைத் தங்கள் எல்லே மட்டைப்பந்து டீமுக்குக் கேட்டு வந்த அன்று, "என்னைக் குடுத்துட்டு சட்டை வாங்கப் போறீங்களா அக்கா?" என்று கேட்டாய். இங்கேயே இருந்தால் நீ தெஹியோவிட்ட பக்கத்தைத் தாண்டி ஆடப்போவதில்லை. அதை உன்னிடம் சொல்லத்தான் எனக்குத் தெரியவில்லை.

உனக்குப் பதிலாகப் பன்னிரண்டு சட்டை தருவதாகத்தான் சொன்னார்கள். நம் டீம் பிள்ளைகள் எல்லாருக்கும் சந்தோஷம். தர்மிளா மட்டும், "சட்டை கிழிஞ்சிரும் அக்கா. ஆளுக்கு ஆள் கேளுங்க" என்றாள். கேட்டேன்.

அங்கே இரண்டு வருடமாக ஒரு மேட்ச்கூட ஆடக் கிடைக்காமல் உட்கார்ந்திருந்த நுஸ்காவை அனுப்பினார்கள். முதல் நாளே மூன்று பந்தை நழுவவிட்டாள்.

"என்னைத் திருப்பி அனுப்பிருவீங்களா?"

"இல்ல. நாளைக்கு அஞ்சு மணிக்கு வா."

உன்னிடமும் அன்றைக்கு இப்படி ஏதாவது சொல்லியிருக்கலாம்.

போன ஞாயிறு கடைசி ரன்னை அடித்தது நுஸ்காதான். நீ போன பிறகு நாங்கள் ஜெயித்த முதல் மேட்ச். அவள் அழுதாள், தர்மிளாவும் அழுதாள்.

அடுத்த மாதம் உன் கிளப் இங்கே ஆட வருகிறது. உன்னை அவுட்டாக்க எல்லா வழியும் பார்ப்போம், கோபிக்காதே. மேட்ச் முடிந்ததும் பஸ்ஸுக்கு ஓடாமல் வீட்டுக்கு வா. சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

உன் அக்கா